நடையை வைத்து உயரம் சொல்லும் பிராஜெக்ட்

எட்டாவது செமஸ்டர் பிள்ளைகள் எடுக்கிற பிராஜெக்ட் தலைப்புகளில் எனக்கு மிகவும் பிடித்துப்போன ஒன்றைப் பற்றி இன்று கொஞ்சம் நீளமாகவே எழுதப்போகிறேன். ஒருவர் நடக்கிற விதத்தை மட்டும் வைத்து அவருடைய உயரத்தைச் சொல்வது. இடுப்பில் ஒரு சென்சாரைக் கட்டி நடக்கவிட வேண்டும். அது அனுப்பும் எண்களைப் பார்த்துவிட்டு 'இவர் 162 சென்டிமீட்டர்' என்று கணினி சொல்ல வேண்டும்.

பாளையங்கோட்டையில் எங்கள் தெருப் பெண் ஒருத்தி தன் பேட்ச்மேட்களோடு சேர்ந்து இதை எடுத்திருக்கிறாள். முதல் ரிவியூவிலேயே கேட்டுவிட்டார்களாம்: "டேப் வைச்சு அளந்தா முடிஞ்சது. இதுக்கு எதுக்கும்மா சென்சாரு?" அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்றுதான் என்னிடம் வந்தாள். "மாமா, தலைப்ப மாத்திரலாமா?" என்றாள். மாற்றவே கூடாது என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதுதான் இந்தப் பதிவு.

முதலில் அறிவியல். நடக்கும்போது ஒரு காலை ஊன்றுகிறோம், மற்றக் காலை வீசுகிறோம். ஊன்றிய கால் ஏறக்குறைய விறைப்பாக நிற்க, அதன்மேல் இடுப்பு மேலேறி, உச்சிக்குப் போய், இறங்குகிறது. தலைகீழாக நிறுத்திய ஊசல் இது. இடுப்பு எவ்வளவு உயர்ந்தது, ஓர் அடி எவ்வளவு நீளம் என்ற இரண்டும் தெரிந்தால் பத்தாம் வகுப்பு வடிவியலே மீதியைச் சொல்லிவிடும். அடி நீளத்தின் வர்க்கத்தை இடுப்பு ஏற்றத்தின் எட்டு மடங்கால் வகுத்து, ஏற்றத்தில் பாதியைக் கூட்டினால் கால் நீளம். கால் நீளம் உயரத்தில் ஏறக்குறைய பாதி. வேலை முடிந்தது என்று தோன்றும்.

எண்களைப் போட்டுப் பாருங்கள். அடி 70 சென்டிமீட்டர், இடுப்பு ஏற்றம் 4.5 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கால் நீளம் 138 சென்டிமீட்டர் என்று வரும். அப்படி ஒரு மனிதர் எங்கும் கிடையாது. காரணம், நம் கால் வெறும் குச்சி இல்லை. முழங்கால் மடங்குகிறது, பாதம் குதிகாலிலிருந்து விரல்வரை உருள்கிறது, இடுப்பெலும்பு திரும்புகிறது. இவையெல்லாம் சேர்ந்து ஏற்றத்தைக் குறைத்து, அடியை நீட்டிவிடுகின்றன. இதைச் சரிக்கட்ட ஸைல்ஸ்ட்ரா, ஹோஃப் என்ற இரு ஆய்வாளர்கள் 2003-இல் வெளியிட்ட கட்டுரையில் 1.25 என்ற திருத்தப் பெருக்கியைப் பயன்படுத்தினார்கள். ஊசல் கணக்கு தரும் அடி நீளத்தை 1.25-ஆல் பெருக்கினால் உண்மையான அடி நீளம் வரும். நமக்கு வேண்டியது அதன் மறுதலை. 70-ஐ 1.25-ஆல் வகுத்தால் 56. அதை வைத்துக் கணக்குப் போட்டால் கால் நீளம் 89 சென்டிமீட்டர். இது மனிதக் கால்.

இனிதான் கஷ்டம். அந்த 4.5 சென்டிமீட்டர் ஏற்றத்தை நீங்கள் 4 என்று அளந்துவிட்டால் கால் நீளம் 100 ஆகிவிடுகிறது. 5 என்று அளந்தால் 81-க்கு இறங்கிவிடுகிறது. அரை சென்டிமீட்டர் பிழை உயரத்தில் இருபது சென்டிமீட்டர் அளவுக்குப் போய் நிற்கிறது. ஆனால் இடுப்பில் கட்டும் சென்சார், அதாவது முடுக்கமானி, ஏற்றத்தை நேரடியாக அளப்பதில்லை. அது தருவது முடுக்கம். அதை இரண்டு முறை தொகையிட்டுத்தான் தூரத்துக்கு வர வேண்டும், ஒவ்வொரு தொகையிடலிலும் பிழை பெருகும். பிள்ளைகள் கையில் இருப்பது எம்பியு 6050 என்ற மலிவான சின்னப் பலகை. அதை வைத்து அரை சென்டிமீட்டருக்குள் நிற்க வேண்டும் என்றால் வடிகட்டியிலும் சென்சாரைக் கட்டும் விதத்திலும் உயிரைக் கொடுத்து வேலை செய்ய வேண்டும். அந்த வேலைதான் பொறியியல் என்று நான் நினைக்கிறேன்.

இன்னொரு வழியும் உண்டு. நீளமான ஊசல் மெதுவாக ஆடும். காலம் நீளத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் கூடும். 80 சென்டிமீட்டர் காலுக்கும் 90 சென்டிமீட்டர் காலுக்கும் அடிவேகத்தில் ஆறு சதவீதம் வித்தியாசம் வர வேண்டும். ஒருவர் நிமிடத்துக்கு 115 அடி வைத்தால் மற்றவர் 108. ஆனால் அதே ஆள் நெல்லையப்பர் கோயில் பிராகாரத்தைச் சுற்றும்போது ஒரு மாதிரியும், ஜங்ஷனில் பஸ் கிளம்பிவிட்டால் வேறு மாதிரியும் நடப்பாரே? அந்த வித்தியாசத்துக்கு முன்னால் ஆறு சதவீதம் காணாமல் போய்விடும். அதனால் வேகத்தைத் தனியாகப் பிரித்தெடுக்க வேண்டும். அடி நீளத்தை நிமிடத்துக்கான அடிகளால் வகுத்தால் வரும் எண், ஒருவர் இயல்பாக நடக்கும்வரை மெதுவாகப் போனாலும் விரைந்து போனாலும் பெரிதாக மாறுவதில்லை என்பது நடை ஆய்வில் நன்கு தெரிந்த விஷயம். மீட்டர் கணக்கில் அது 0.0065-ஐ ஒட்டி இருக்கும். அதை ஓர் உள்ளீடாக வையுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

நடையை, தடத்தைப் பார்த்து உடலைச் சொல்வது நம் பக்கத்துக்குப் புதிதில்லை. யானையின் முன்னங்கால் தடத்தின் சுற்றளவை அளந்து இரட்டித்தால் தோள் உயரம் வந்துவிடும் என்பது காட்டில் வேலை செய்கிறவர்களுக்கும் பாகன்களுக்கும் பழக்கமான கணக்கு. மறவர்கள் ஊர்க்காவல் பார்த்த காலத்தில் களவுபோன மாட்டைக் கண்டுபிடித்துக் கொடுக்கத் துப்புக்கூலி என்று ஒன்று இருந்தது. கண்டுபிடிக்க முடியாவிட்டால் காவல்காரர் ஈடுகட்ட வேண்டும். தடம் பார்க்கத் தெரிந்த கண்ணுக்கு அன்று நேரடியாகவே விலை இருந்திருக்கிறது.

புலிக் கணக்கெடுப்பின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், அதில் இந்தப் பிராஜெக்ட்டுக்கான பாடம் இருக்கிறது. களக்காடு முண்டந்துறை 1988-இல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் ஆனது. தாமிரபரணி பிறக்கும் காடு அது. அந்தக் காலத்தில் நாடு முழுக்கப் புலிகளைத் தடத்தை வைத்துத்தான் எண்ணினார்கள். 1966-இல் ஒடிசாவின் சரோஜ் ராஜ் சௌத்ரி தொடங்கிவைத்த முறை. புலியின் தடத்தைக் கண்ணாடிமேல் வரைந்து, ஒவ்வொரு புலிக்கும் தடம் தனி என்ற நம்பிக்கையில் எண்ணுவார்கள். புலி ஆய்வாளர் உல்லாஸ் கரந்த் என்ன செய்தார் தெரியுமா? அடைப்பில் இருந்த, எத்தனை என்று முன்பே தெரிந்த புலிகளின் தடங்களை எடுத்து, அனுபவசாலிகளான வன அதிகாரிகளிடம் கொடுத்து எண்ணச் சொன்னார். சரியான எண்ணிக்கை வரவில்லை. பிறகு சரிஸ்கா காட்டில் புலியே இல்லை என்று 2005-இல் வெளியே தெரிந்தபோது நாடே அதிர்ந்தது. அடுத்த கணக்கெடுப்பிலேயே முறை மாறி, தானியங்கிக் கேமராக்கள் வந்தன. தடம் பொய் சொல்லவில்லை. தடத்தைப் படிக்கும் முறையை நாடு முழுக்கக் கொண்டுபோவதற்கு முன்னால், விடை தெரிந்த இடத்தில் வைத்து யாரும் சோதிக்கவில்லை. இவ்வளவுதான் நடந்தது.

முதல் ரிவியூ கேள்விக்கான பதில் இங்கேதான் இருக்கிறது. உயரத்தை டேப் வைத்து அளக்க முடியும் என்பது இந்தப் பிராஜெக்ட்டின் பலவீனம் இல்லை. அதுதான் பலம். நடையிலிருந்து ஓர் உடலைப் படிக்கும் கருவி செய்கிறோம். அது சரியாகப் படிக்கிறதா என்று பார்க்க, விடை கையில் இருக்கிற ஒரு கேள்வி வேண்டும். அந்தக் கேள்வி உயரம். இதில் தேறாத கருவியை, விடை தெரியாத கேள்விகளுக்குக் கொண்டுபோக நமக்கு உரிமை இல்லை. இந்த முதியவர் விழுந்துவிடுவாரா, அந்தப் பெரியவருக்குப் பார்கின்சன் நோயின் தொடக்கமா என்பதெல்லாம் அப்படிப்பட்ட கேள்விகள்.

இந்தத் துறையில் முன்னோடி வேலை ஒன்றும் உண்டு. 2011-இல் நியூயார்க்கின் ஃபோர்டாம் பல்கலைக்கழகத்தில் கேரி வைஸ், ஜெஃப்ரி லாக்ஹார்ட் இருவரும், பேன்ட் பையில் இருக்கும் போனின் முடுக்கமானியிலிருந்து ஒருவர் ஆணா பெண்ணா, நெட்டையா குட்டையா, எடை கூடியவரா குறைந்தவரா என்று கணிக்கலாம் என்று காட்டினார்கள். கவனியுங்கள், அவர்கள் சென்டிமீட்டர் சொல்லவில்லை. நெட்டை, குட்டை என்ற இரண்டு பெட்டிகள்தான். நம் பிள்ளைகள் கேட்பது அதைவிடக் கடினமான கேள்வி.

இப்போது தேர்ச்சி என்றால் என்ன என்று பார்ப்போம், பெரும்பாலான ரிப்போர்ட்கள் சறுக்குகிற இடம் இது.

'எங்கள் மாடலின் சராசரிப் பிழை 5 சென்டிமீட்டர் மட்டுமே' என்று ஒரு ரிப்போர்ட் சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஒரு வகுப்பில் பையன்கள் மட்டும் நடந்தார்கள், அவர்கள் சராசரி 168 என்று ஒரு பேச்சுக்கு எடுத்துக்கொள்வோம். சென்சாரே வேண்டாம். வருகிற ஒவ்வொருவருக்கும் கண்ணை மூடிக்கொண்டு 168 என்று சொல்லுங்கள். ஒரே பாலினத்தில் வளர்ந்தவர்களின் உயரத்துக்குத் திட்ட விலக்கம் ஆறேழு சென்டிமீட்டர்தான். மணி வடிவப் பரவலில் சராசரிப் பிழை அதில் எண்பது சதவீதம். ஆக, கண்ணை மூடிச் சொன்னவரின் பிழையும் ஐந்து, ஐந்தரை சென்டிமீட்டர்தான். அந்த மாடல் நடையிலிருந்து எதையும் கற்கவில்லை என்று அர்த்தம். அதனால் ரிப்போர்ட்டின் முதல் அட்டவணையில், கண்ணை மூடிச் சொன்னால் என்ன பிழை என்பது முதல் வரியாக இருக்க வேண்டும். அதற்குக் கீழே மாடலின் பிழை. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசம்தான் அந்தப் பிள்ளைகளின் உழைப்பு.

பெண்களையும் சேர்த்தால் கதை இன்னும் நுணுக்கமாகிறது. ஆண், பெண் சராசரிகளுக்கு நடுவில் பன்னிரண்டு, பதின்மூன்று சென்டிமீட்டர் இடைவெளி இருக்கிறது. மாடல் உயரத்தைப் படிக்காமல், நடப்பவர் ஆணா பெண்ணா என்று மட்டும் கண்டுபிடித்துவிட்டாலே பிழை சட்டென்று குறையும். அதை எதை வைத்து வேண்டுமானாலும் கண்டுபிடிக்கலாம். நம் ஊர்ப் பெண்கள் உடுத்துகிற சுடிதாரில் பெரும்பாலும் பை கிடையாது. போன் கைப்பைக்குள் போகும், இல்லாவிட்டால் கையில் இருக்கும். பையன்கள் பேன்ட் பையில் வைப்பார்கள். போனையே சென்சாராக வைத்துத் தரவு எடுத்தால், கைப்பைக்குள் ஆடுகிற போன் குட்டை, பேன்ட்டில் ஆடுகிற போன் நெட்டை என்று மாடல் கற்றுக்கொள்ளும். எண்கள் அழகாக வரும். கால் நீளம் அதற்குள் எங்குமே இருக்காது. அதனால்தான் போனை விட்டுவிட்டு, எல்லோருக்கும் ஒரே இடத்தில், இடுப்பின் பின்பக்கம், எலாஸ்டிக் பெல்ட்டில் சென்சாரைக் கட்டச் சொன்னேன். முடிவுகளையும் ஆண்களுக்குத் தனியாக, பெண்களுக்குத் தனியாகக் காட்ட வேண்டும்.

அடுத்தது சோதனை எழுதும் முறை. ஒருவரின் நடையைச் சில விநாடித் துண்டுகளாக வெட்டி, துண்டுகளைக் குலுக்கி, எண்பது சதவீதம் பயிற்சிக்கும் இருபது சதவீதம் சோதனைக்கும் வைப்பது வழக்கமாகிவிட்டது. இதில் ஒரே ஆளின் துண்டுகள் இரண்டு பக்கமும் போய்விடுகின்றன. மாடல் ஆளை அடையாளம் கண்டுகொள்கிறது. 'இது முருகன் நடை, முருகன் 171' என்று ஒப்பிக்கிறது. 99 சதவீதம் என்று ரிப்போர்ட்டில் வருவதெல்லாம் பெரும்பாலும் இப்படி வருபவைதான். மாணவர்கள் அதிகமாகப் பதிவிறக்குகிற யூசிஐ மனிதச் செயல்பாட்டுத் தரவுத்தொகுப்பில் 30 பேர் இருக்கிறார்கள். அதைச் செய்தவர்கள் 21 பேரைப் பயிற்சிக்கும் 9 பேரைச் சோதனைக்கும் ஆள்வாரியாகவே பிரித்து வைத்தார்கள். அதிலுள்ள ஒவ்வொரு துண்டும் 2.56 விநாடி, அடுத்த துண்டோடு பாதி ஒன்றிக்கிடக்கும். அதைக் குலுக்கிப் பிரித்தால் சோதனைத் துண்டின் பாதியை மாடல் ஏற்கெனவே மனப்பாடம் செய்திருக்கும். வினாத்தாளை முந்தின நாளே கொடுத்துவிட்டுத் தேர்வு வைப்பதற்குச் சமம் இது. மாடல் பார்த்தேயிராத ஆள் நடந்து வர வேண்டும், அவர் உயரத்தைச் சொல்ல வேண்டும். வேறு எந்தச் சோதனையும் சோதனையாகாது.

யார் நடக்க வேண்டும் என்பதும் பெரிய கேள்வி. இதில் ஆதிச்சநல்லூரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1899-இல் அலெக்சாண்டர் ரே தாமிரபரணிக் கரையில் அந்தப் பரம்பைத் தோண்டத் தொடங்கினார். தாழிகளும் மண்டையோடுகளும் வெளியே வந்தன. அதே 1899-இல் லண்டனில் கார்ல் பியர்சன், நீள எலும்புகளிலிருந்து பழங்கால மனிதர்களின் உயரத்தைக் கணக்கிடும் சூத்திரங்களை வெளியிட்டார். தொடை எலும்பு உயரத்தில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். எலும்பு கிடைத்தால் ஆள் உயரம் கிடைக்கும். பியர்சன் எடுத்துக்கொண்ட தரவு எங்கிருந்து வந்தது? பிரான்சின் லியோன் நகரத்தில் ரோலே என்ற மருத்துவர் அளந்த சடலங்கள், 50 ஆண்கள், 50 பெண்கள். லியோன் நகரத்தாரின் தொடைக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் ஆதிச்சநல்லூரில் புதைக்கப்பட்டவர்களுக்கும் பொருந்தும் என்று எப்படிச் சொல்வது? இந்திய உடல்களை அளந்து பான் என்பவர் தனி விகிதங்களை வெளியிட 1924 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சூத்திரம் எந்த மக்களிடமிருந்து வந்ததோ அந்த மக்களின் உடம்பு அதற்குள் உட்கார்ந்திருக்கும்.

நடைக்கும் இதுவேதான். வெளிநாட்டுத் தரவுத்தொகுப்புகளில் பெரும்பாலும் ஷூ போட்டவர்கள் சமதளக் கூடத்தில் நடந்திருக்கிறார்கள். இங்கே யார் நடக்கிறார்கள்? அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவிப் பக்கம் வயல் வரப்பில் வெறுங்காலோடு நடக்கிறவர்கள் இருக்கிறார்கள். அடி சுருங்கும், ஒரு காலுக்கு நேர் முன்னால் மறுகால் விழும். முக்கூடல், ஆலங்குளம் பக்கம் நாளெல்லாம் சம்மணமிட்டுப் பீடி சுற்றிவிட்டு எழுந்து நடக்கும் பெண்கள் இருக்கிறார்கள். சேலையின் கீழ்ச்சுற்று அடி நீளத்துக்கு ஓர் எல்லை போடும். ரப்பர் செருப்பு நழுவாமலிருக்க விரலை இறுக்கிப் பிடித்து நடக்கிறவர்கள் எத்தனை பேர்! ஹாஸ்டல் பையன்களை மட்டும் வைத்துச் செய்த மாடல் இவர்கள் முன்னால் என்ன சொல்லும்? எனக்குத் தெரிய வேண்டும். பிள்ளைகள் வ.உ.சி. மைதானத்தில் காலை நடைக்கு வருகிறவர்களைக் கேட்பதாகச் சொன்னார்கள். நல்ல தொடக்கம். அங்கேயே நின்றுவிடக் கூடாது. வெறுங்கால், செருப்பு, ஷூ, தார்ச்சாலை, மண் என்று ஒரே ஆளையே மாற்றி மாற்றி நடக்கவைத்தால், கால் நீளம் மாறாமல் நடை மட்டும் மாறுகிற தரவு கிடைக்கும். அப்படி ஒன்று இந்தத் தாமிரபரணிப் பள்ளத்தாக்கிலிருந்து வந்தால், அதன் மதிப்பு பைண்டிங் செய்த ரிப்போர்ட்டோடு முடியாது.

எங்கள் தெருப் பாட்டி ஒருவர் சென்சார் பெல்ட்டைப் பார்த்துவிட்டு அந்தப் பெண்ணிடம் கேட்டார்: "கூனிப்போன கெழவி நான், என் உசரத்த அளந்து என்னத்தட்டி செய்யப் போற?" அவள் சொன்ன பதில் எனக்குப் பெருமையாக இருந்தது. "ஒங்க உசரம்தான் பாட்டி டேப்புல கிடைக்காதது."

அது உண்மை. முதுகு வளைந்தவர்களை நிறுத்தி அளந்தால் கிடைப்பது அவர்களின் உயரம் இல்லை. ஆனால் மருத்துவருக்கு உயரம் வேண்டும். ஊதிப் பார்க்கும் நுரையீரல் சோதனையில் ஒருவருக்கு எவ்வளவு மூச்சுக் காற்று இருக்க வேண்டும் என்பதை உயரத்தையும் வைத்துத்தான் தீர்மானிக்கிறார்கள். உடல் எடை சரியா என்று பார்க்கவும் அது வேண்டும். இதற்காக 1985-இல் அமெரிக்காவில் சம்லியாவும் அவருடைய சகாக்களும் முழங்கால் உயரத்திலிருந்து உயரத்தைக் கணிக்கும் சூத்திரங்களைக் கொடுத்தார்கள். உட்காரவைத்தோ படுக்கவைத்தோ குதிகாலிலிருந்து முழங்கால்வரை அளந்தால் போதும். பெண்களுக்கு அதை 1.83-ஆல் பெருக்கி, 84.88-ஐக் கூட்டி, வயதை 0.24-ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டும். முழங்கால் உயரம் 46, வயது 70 என்றால் 152 சென்டிமீட்டர். ஆனால் மறுபடியும் அதே சிக்கல்: அளக்கப்பட்டவர்கள் அமெரிக்க முதியவர்கள். நடைக் கணக்கில் வரும் கால் நீளத்தையும் முழங்கால் கணக்கில் வரும் உயரத்தையும் நம் ஊர் முதியவர்களிடம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பாளையங்கோட்டை ஐகிரவுண்டில் 1965-இலிருந்து மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1981-இலிருந்து அரசு பொறியியல் கல்லூரியும் நெல்லையில் இருக்கிறது. ஒரே ஊருக்குள் இருக்கிற இரண்டு பக்கப் பிள்ளைகளும் சேர்ந்து செய்யக்கூடிய வேலை இது. தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் மாணவர் பிராஜெக்ட்களுக்கு நிதி கொடுக்கிறது, அதற்கும் எழுதிப்போடுங்கள்.

கடைசியாக, இதன் மறுபக்கம். ஆண்ட்ராய்டு போனில் கேமராவுக்கும் மைக்குக்கும் அனுமதி கேட்கிற ஆப், சாதாரண வேகத்தில் முடுக்கமானியைப் படிக்க உங்களிடம் எதையும் கேட்பதில்லை. நடையிலிருந்து உயரம், பாலினம், எடை தெரியும் என்றால், நீங்கள் சொல்லாமலேயே அவை வெளியே போகலாம். இந்த வேலையைச் செய்கிற பிள்ளைகள்தான் அதை முதலில் உணர வேண்டும். நடக்க வருகிற ஒவ்வொருவருக்கும், என்ன பதிவாகிறது, அதிலிருந்து என்னவெல்லாம் தெரியவரும், யாரிடம் இருக்கும், வேண்டாமென்றால் எப்படி அழிக்கச் சொல்வது என்பதைத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். எழுத்துக் கூட்டத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதல் பற்றிச் சொல்வதும் இதையொட்டித்தான். பெயர் தரவுத்தாளில் வேண்டாம். ஓர் எண், வயது, பாலினம், டேப்பில் அளந்த உயரம், முழங்கால் உயரம், காலில் என்ன போட்டிருந்தார், எந்தத் தரையில் நடந்தார். இவ்வளவு போதும்.

இரண்டாம் ரிவியூவுக்கு முன்னால் அவர்களுக்கு நடக்க ஆட்கள் வேண்டும், அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களும் சேலை கட்டி நடக்கிறவர்களும் முக்கியமாக வேண்டும். பாளையங்கோட்டை, மேலப்பாளையம், பேட்டைப் பக்கம் இருக்கிறவர்கள் பின்னூட்டத்தில் சொல்லுங்கள். பெல்ட்டோடு அவர்களே வீட்டுக்கு வருவார்கள்.